முன்கூட்டியே சொன்ன ஸ்தோத்திரம்

அக்கா,

அச்சு முறுக்கு சுடும் அச்சு என் மேசைமேல் கிடக்கிறது. கழுவாமல் அப்படியே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் உங்கள் வீட்டுக்காரரும் என் வீட்டுக்காரரும், அண்ணனும் தம்பியும். இதழ்களின் இடுக்கில் கருகிய மாவு அப்பியிருக்கிறது. எண்ணெய் வாடை அறை முழுக்க நிற்கிறது. நீங்கள் இருந்திருந்தால் இந்நேரம் கீழ்வீட்டிலிருந்து சத்தம் வந்திருக்கும்: "யாரு என் அச்ச இந்தக் கோலத்துல வச்சது?" பத்து மாதமாகக் கீழ்வீட்டிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. எனக்கு எரிச்சலாக வருகிறது.

இது துக்கக் கடிதம் இல்லை. துக்கத்தை அடக்க ஆராதனையிலும் நினைவு ஆராதனையிலும் ஆளாளுக்கு மைக்கைப் பிடித்துப் பேசித் தீர்த்துவிட்டார்கள். அன்பானவர், பொறுமையானவர், அடுத்தவருக்காகவே வாழ்ந்தவர் என்றார்கள். நான் முன்வரிசையில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். உங்களோடு எனக்கு ஒரு சண்டை பாக்கி இருக்கிறது. அதை முடிக்காமல் நீங்கள் பாட்டுக்குப் போய்விட்டீர்கள். இன்று ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம், இவர் கீழே அத்தானோடு டிவி பார்த்துக்கொண்டிருக்கிறார். இப்போது எழுதிவிடுகிறேன்.

இந்தக் கோச்சடை வீட்டுக்கு நான் இளைய மருமகளாக வந்தபோது நீங்கள் மூத்த மருமகளாகப் பன்னிரண்டு வருடம் ஓட்டியிருந்தீர்கள். ஒரே வீட்டில் வாக்கப்பட்ட ரெண்டு பேர் ஒத்துப்போக மாட்டார்கள், சூதானமாக இரு என்று என் அம்மா பயமுறுத்தி அனுப்பியிருந்தார். நீங்கள் என்னைக் கடிக்கவுமில்லை, பிறாண்டவுமில்லை. அதைவிட மோசமான ஒரு காரியம் செய்தீர்கள். என் பெயரைக் கொடுத்தீர்கள்.

சபையில் எதற்கு ஆள் கேட்டாலும் உங்கள் கை உயரும், என் பெயர் வெளியே வரும். பாடகர் குழுவுக்கு ஒரு ஆள் குறைகிறதா, ஜெசி இருக்கா. அறுப்பின் பண்டிகைக்குக் கேசரி கிண்டணுமா, ஜெசி பாத்துக்குவா. மே மாதம் விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு வாத்தியார் பற்றவில்லையா, ஜெசிக்கு லீவுதானே. அந்த மே மாதத்தில்தான் எனக்குப் பரீட்சை என்று ஒரு தடவையாவது உங்களுக்கு ஞாபகம் வந்ததா? கேட்டால், "பத்து நாளு, காலையில ரெண்டு மணி நேரம்டி. அது ஒரு வேலையா?" என்பீர்கள். அந்தப் பத்து நாளில் நான் பிள்ளைகளுக்கு நோவாவின் பேழையை அட்டையில் வெட்டி ஒட்டிக்கொண்டிருப்பேன். என் ஆங்கிலப் புத்தகம் பசை டப்பாவுக்கு அடியில் கிடக்கும்.

அந்தப் புத்தகம்தான் எல்லாவற்றுக்கும் காரணம். பி.ஏ. வரலாறு இரண்டாம் வருடம் படிக்கும்போது கல்யாணம், படிப்பு நின்றது. மிஷன் பள்ளி அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தபின் அஞ்சல் வழியில் மறுபடி தொடங்கினேன். மற்ற எல்லாத் தாளும் முடிந்தது. ஆங்கிலம் ஒன்று மட்டும் அரியர். ஒவ்வொரு ஜூனிலும் பள்ளியில் சேர்க்கைப் படிவம் நிரப்பிக் கொடுப்பது நான்தான். அதில் 'தாயின் கல்வித் தகுதி' என்று ஒரு கட்டம் உண்டு. வருகிற தாய்மார்கள் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். என் மகளைச் சேர்த்தபோது அதே கட்டத்தில் 'பி.ஏ.' என்று எழுதி, பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு, 'முடிக்கவில்லை' என்று எழுதினேன். அந்த அடைப்புக்குறியை எடுக்க வேண்டும். இவ்வளவுதான் நான் கேட்டது. அவள் இப்போது கல்லூரிக்கே போய்விட்டாள். அடைப்புக்குறி அப்படியே இருக்கிறது.

ஒரு மே மாதம் திருமங்கலத்திலிருந்து சொந்தக்காரர்கள் வந்து இறங்கினார்கள். எல்லோரையும் வேனில் ஏற்றி அழகர்மலை அடிவாரத்துக்கு எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு போனோம். எனக்கு மூன்று நாளில் பரீட்சை. ஒரு மரத்தடியில் நோட்டைப் பிரித்து உட்கார்ந்தேன். "ஜெசி, அப்பளம் எங்க?" என்று நீங்கள் கூப்பிட, நான் எழுந்து போய்த் திரும்பும் நேரத்துக்குள் ஒரு குரங்கு நோட்டைத் தூக்கிக்கொண்டு கிளைக்கு ஏறிவிட்டது. ஒவ்வொரு தாளாகக் கிழித்துக் கீழே போட்டது. வேன் கூட்டமே சிரித்தது. நீங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "விடுடி, கொரங்காவது படிச்சுப் பாஸாகட்டும்" என்றீர்கள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதைப் பார்த்ததும் உங்கள் சிரிப்பு நின்றது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஐம்பது வயதுப் பொம்பளை, முள்ளுக்குள் நுழைந்து தாள்களைப் பொறுக்கிக்கொண்டு வந்தீர்கள். முழங்கையெல்லாம் கீறல். உங்களை முழுசாகத் திட்ட முடியாமல் போனது இப்படித்தான். ஒரு கையால் கெடுப்பீர்கள், மறு கையால் பொறுக்குவீர்கள்.

அதற்கப்புறம்தான் அந்தக் கவர்.

வீடு கட்டினவர், பிள்ளை பெற்றவர், வேலை கிடைத்தவர் எல்லோரும் ஸ்தோத்திரக் காணிக்கைக் கவரின் மேல் காரணத்தை எழுதிக் கொடுப்பதும், போதகர் அதை ஒவ்வொன்றாக வாசிப்பதும் வாராவாரம் நடப்பதுதான். ஆனால் நடந்து முடிந்த நன்மைக்குத்தான் ஊரில் உள்ளவர்கள் கவர் போடுவார்கள். நீங்கள் நடக்காததற்குப் போட்டீர்கள். டிசம்பரில் எழுதிய பரீட்சைக்கு முடிவே வரவில்லை. பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதகர் வாசிக்கிறார்: "சகோதரி ஜெசி அவர்கள் பி.ஏ. தேர்வில் வெற்றி பெற்றதற்காக, குடும்பத்தார்." எனக்குப் பாட்டுப் புத்தகம் கையிலிருந்து நழுவிவிட்டது. வெளியே வந்தால் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். "எம்புட்டு மார்க்கும்மா?" "டிரீட்டு எப்ப?" நான் அசடு வழிய நின்றேன். வீட்டுக்கு வந்து கேட்டைச் சாத்தியதும் பிடித்துக்கொண்டேன்.

"ரிசல்ட்டே வரல. என்னக்கா இது கூத்து?"

"விசுவாசம்டி. கைக்கு வாரதுக்கு முன்னாடியே நன்றி சொல்லிறணும்."

"தோத்துட்டா?"

"தோக்க மாட்ட. நான் சொல்லிட்டேன்ல."

"நீங்க சொல்லிட்டா? பேப்பர் திருத்துறது நீங்களா?"

மூன்று வாரத்தில் முடிவு வந்தது. நாலு மார்க்கில் போச்சு. அதற்குள் ஒரு குடும்பம் மிக்சர் பொட்டலமும் பேனாவும் கொண்டுவந்து வாழ்த்திவிட்டுப் போயிருந்தது. அந்தப் பேனாவை இன்னும் டப்பாவிலிருந்து பிரிக்கவே இல்லை. ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவக்காலமான லெந்தில் கறியை விடுகிறவர்கள் உண்டு, காப்பியை விடுகிறவர்கள் உண்டு. நான் அந்த வருடம் உங்களோடு பேசுவதை விட்டேன். பெரிய வெள்ளியன்று மூன்று மணி நேர ஆராதனை முடிந்து கோயில் வளாகத்தில் கஞ்சி ஊற்றினார்கள். நீங்கள் ஒரு டம்ளரை என் பக்கம் நகர்த்தி, "முடிஞ்சுபோச்சுடி. இனிமே பேசலாம்" என்றீர்கள். "நாளைக்கும் லெந்துதான்" என்றேன். அதுவும் பேச்சுதானே என்று நீங்கள் சிரித்துவிட்டீர்கள்.

இதையெல்லாம் நான் எப்போதோ மன்னித்துவிட்டேன். என் சண்டை இதற்கில்லை. கன்னியாகுமரிக்குத்தான்.

ஒரு கிறிஸ்மஸுக்கு முந்தின வாரம், கீழ்வீட்டு அடுப்படியில், இதே அச்சை நீங்கள் எண்ணெயில் காய வைத்துக்கொண்டிருந்தீர்கள். நான் தேங்காய்ப் பால் பிழிந்துகொண்டிருந்தேன். தெரு முழுக்கக் கொடுக்க வேண்டும், எல்லா வீட்டுக்கும், சாமி கும்பிடுகிற வீடு, தொழுகிற வீடு, நம்மோடு பேசாத வீடு உட்பட. நெற்றியில் வேர்வை வழிய, அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னீர்கள்: "ஜெசி, எனக்கு ஒரு ஆச இருக்குடி. சிரிக்கக் கூடாது."

எருசலேம் போக வேண்டும் என்று சொல்லப்போகிறீர்கள் என்றுதான் நினைத்தேன். நம் சபையில் பாதிப் பேர் அதற்குத்தான் சீட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"கன்னியாகுமரில ஒரு லாட்ஜு. ரெண்டே நாளு. நீயும் நானும் மட்டும். காலையில எந்திரிச்சு அடுப்பப் பத்தவைக்காம, கீழ இருந்து இட்லி வரவழைச்சு, கட்டில்ல சம்மணம் போட்டு உக்காந்து திங்கணும். அம்புட்டுத்தான்."

"இந்த லீவுலயே போவோம்க்கா."

"இப்ப இல்ல. நீ பாஸாகு. அதச் சொல்லிப் போவோம். சும்மா போனா, புருசன்மாரப் போட்டுட்டு ரெண்டும் ஊர் சுத்துதுகன்னு பேசுவாங்க."

அக்கா, முப்பது வருடத்துக்கும் மேலாக ஒரு வீட்டுக்கு ஆக்கிப் போட்ட பொம்பளைக்கு ரெண்டு நாள் ஊருக்குப் போக என் ஆங்கில மார்க் எதற்கு? யாரைக் கேட்டு அப்படி முடிவு செய்தீர்கள்? நானும் மடச்சி மாதிரித் தலையை ஆட்டினேன். அதற்குப்பின் ஒவ்வொரு தடவை தோற்கும்போதும் நான் உங்கள் இட்லியையும் சேர்த்துத்தான் தோற்றேன். நீங்கள் ஒரு நாளும் அதைச் சொல்லிக் காட்டவில்லை. "அடுத்த லீவுக்குப் பாப்போம்" என்பீர்கள். பாஸாவதற்கு முன்னாடியே சபை நடுவில் ஸ்தோத்திரம் சொல்லத் தெரிந்த உங்களுக்கு, பாஸாவதற்கு முன்னாடியே பஸ் ஏறத் தெரியவில்லையே! இதைத்தான் உங்கள் முகத்துக்கு நேரே கேட்டிருக்க வேண்டும். பத்து மாதமாக நெஞ்சுக்குள் வைத்துப் புழுங்கிக்கொண்டிருக்கிறேன்.

ஜனவரியில் உங்களுக்கு வயிற்று வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் அத்தானை மட்டும் தனியாகக் கூப்பிட்டார். அத்தான் வெளியே வந்து நின்ற நிற்பிலேயே எனக்கு விளங்கிவிட்டது. அந்த வார ஞாயிற்றுக்கிழமை நான் என்ன செய்தேன் தெரியுமா? தெரியும், தெரிந்துதானே சிரித்தீர்கள். கவர் எடுத்தேன். 'எங்கள் அக்கா பரிபூரண சுகம் பெற்றதற்காக' என்று எழுதிக் கொடுத்தேன். போதகர் கவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாசித்துவிட்டார். மறுநாள் உங்களைப் பார்க்க வந்தவர்கள் போட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

"ஏண்டி, நான் சொகமாயிட்டேனாமே? எனக்கே தெரியல?"

"விசுவாசம்க்கா" என்றேன்.

நீங்கள் சிரித்தீர்கள். சிரிப்பு இருமலாக மாறி, கண்ணில் தண்ணீர் வந்து, அப்படியும் விடவில்லை. "மாட்டிக்கிட்டியா! இப்ப ஒன் மானம் என் கையில இருக்குடி" என்றீர்கள். அதுவரை எதைக் கொடுத்தாலும் வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தவர், அன்று கஞ்சியைக் கேட்டு வாங்கி அரை டம்ளர் குடித்தீர்கள். "ஒனக்காகத்தான். இல்லாட்டி நாலு பேரு ஒன்னிய வந்து கேப்பாளுக" என்றீர்கள். ஒன்பது நாள் முயற்சி செய்தீர்கள். அப்புறம் முடியவில்லை. அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில், கோயிலில் எப்போதும் கடைசி பெஞ்சில் உட்காரும் அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "சொகமாச்சுன்னு வாசிச்சாங்களேம்மா?" என்று கேட்டார். குத்தலாகக் கேட்கவில்லை, பாவம், நிஜமாகவே தெரியாமல் கேட்டார். நான் என்ன சொல்லட்டும்? உங்களை மாதிரி ஒரு வார்த்தை எடுத்து வீச எனக்கு வாய் வரவில்லை.

இனிமேல் கவர் பக்கமே போவதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

மூன்று வாரத்துக்கு முன், கிறிஸ்மஸுக்கு ஆயத்தமாகும் ஆகமன காலத்தின் முதல் ஞாயிறு, அத்தான் மாடிக்கு வந்தார். கையில் இந்த அச்சு, ஒரு எண்ணெய் டின், உங்கள் கையெழுத்தில் தெருவின் பட்டியல். "துக்கம்னு பலகாரத்த நிறுத்தக் கூடாதுன்னு அவ சொல்லிட்டுத்தான் போயிருக்கா. ஒரு வீட்டையும் விடக் கூடாதாம். ஜெசி சுடுவான்னு சொன்னா" என்றார்.

பாருங்கள் அக்கா! செத்த பிறகும் என் பெயரைக் கொடுத்துவிட்டீர்கள்.

பலகாரம் சுடச் சொன்ன சனிக்கிழமைதான், அதாவது நேற்றுத்தான், எனக்குப் பரீட்சை. பழைய பாடத்திட்டத்தில் எழுதுவதற்கு இதுதான் கடைசி வாய்ப்பு என்று பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது. இதை விட்டால் அடைப்புக்குறி என் கல்லறை வரைக்கும் கூடவே வரும். "மாட்டேன் அத்தான்" என்றேன். இந்த வீட்டில் அந்த வார்த்தையை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அத்தான் எண்ணெய் டின்னைக் கீழே வைக்கவும் மறந்து நின்றார். இவர் சமாதானத்துக்கு வந்தார். "ஒரு நாள் வேலைதானே ஜெசி."

"ஒரு நாள் வேலன்னா நீங்களே சுடுங்க."

கோபத்தில் சொன்னதுதான். ஆனால் நான் திருமங்கலத்தில் ஒரு கல்லூரிப் பெஞ்சில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்த நேரத்தில், இங்கே இரண்டு பேரும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நிஜமாகவே அடுப்பில் இறங்கியிருக்கிறார்கள். அச்சை முழுசாக மாவுக்குள் முக்கி எடுத்தால் முறுக்கு கழன்று விழுமா? நான் திரும்பி வந்தபோது அடுப்படி போர்க்களமாக இருந்தது. அத்தான் ஊசியால் முறுக்கைக் குத்திக் குத்திப் பிய்த்துக்கொண்டிருந்தார். "முக்கால் வரைக்கும்தான் முக்கணும்னு மதினி சொல்லிக்கிட்டே இருப்பாங்கள்ல" என்றார் இவர், எல்லா மாவும் தீர்ந்த பிறகு. அத்தான் தோள்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அவ நின்ன எடத்துல ஒரு நாள் நின்னு பாத்தேன் ஜெசி. காலு போயிருச்சு" என்றார். அவர்மேல் எனக்கு இருந்த கோபத்தில் பாதி இறங்கியது. தெரு முழுக்க நொறுங்கின முறுக்குதான் போனது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

பரீட்சையில் என்ன வந்தது தெரியுமா? விடுமுறையில் போய்வந்த ஓர் ஊரைப் பற்றித் தோழிக்குக் கடிதம் எழுதச் சொல்லி ஒரு கேள்வி. கேள்வியை இன்னொரு தடவை வாசித்தேன். அப்புறம் எழுதினேன். நானும் என் அக்காவும் கன்னியாகுமரி போனோம். ஜன்னலைத் திறந்தால் கடல் தெரிந்தது. காலையில் இட்லி வந்தது. அக்கா கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஆறு இட்லி சாப்பிட்டாள். நாங்கள் சமைக்கவே இல்லை. அந்தக் கடைசி வரியை மறந்துபோய் இரண்டு தடவை எழுதிவிட்டேன். அடிக்கவில்லை. என் ஆங்கிலம் ஒரு நாளும் இப்படித் தடங்கலில்லாமல் போனதில்லை. மார்க் போடுகிறவருக்கு அது பொய் என்று தெரியவா போகிறது?

பஸ்ஸில் திரும்பி வரும்போது சாலையோரக் கடைகளையெல்லாம் பார்த்துக்கொண்டே முடிவு செய்தேன். ராத்திரிச் சாப்பாட்டில் சொல்லிவிட்டேன், கிறிஸ்மஸுக்கு மறுநாள் நான் கன்னியாகுமரி போறேன், ரெண்டு நாள், தனியாக.

"ரிசல்ட் வரட்டுமே. எல்லாருமாப் போவோம்" என்றார் இவர்.

"ரிசல்ட்டுக்குக் காத்திருந்து ஒரு ஆளு போயே சேந்தாச்சு. எல்லாருமாப் போனா எல்லாருக்குமாச் சமைக்கணும்."

அத்தான் தட்டைப் பார்த்துக்கொண்டே, "போகட்டும்டா" என்றார்.

இன்று காலை கவர் எடுத்தேன். ஆமாம், எடுக்கமாட்டேன் என்றவள்தான். 'பி.ஏ. தேர்வில் வெற்றி பெற்றதற்காகவும், கன்னியாகுமரிப் பயணம் இனிதே முடிந்ததற்காகவும்' என்று எழுதி, ஆராதனைக்கு முன்பே போதகர் கையில் கொடுத்தேன். அவர் கண்ணாடியை ஏற்றிப் படித்தார்.

"ரிசல்ட் வந்திருச்சாம்மா?"

"இல்லங்கய்யா."

"பயணம்?"

"இனிமேத்தாங்கய்யா."

அவருக்கும் பழைய இரண்டு கவர்கள் ஞாபகம் இருந்தன. அது அவர் முகத்தில் தெரிந்தது. "வாசிக்கவா, வேணாமாம்மா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"வாசிங்கய்யா. மானம் போறது எங்க வீட்டுக்குப் புதுசில்ல."

வாசித்தார். பெஞ்சு பெஞ்சாகத் தலைகள் திரும்பின. வெளியே வந்ததும் கடைசி பெஞ்சு அம்மா, "எம்புட்டு மார்க்கும்மா?" என்றார். "தெரியல பெரியம்மா" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, "ஒங்க அக்கா மாதிரியே ஆயிட்ட" என்றார். எனக்கு அது பிடிக்கவில்லை. வழி முழுக்க அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

உங்கள்மேல் கோபம் தீரவில்லை அக்கா. கட்டியிருக்கும் பையில் இரண்டு சேலை, துண்டு, பல் துலக்கும் பிரஷ், பிரிக்காத அந்தப் பேனா, அதோடு கோபத்தையும் வைத்துத்தான் கொண்டுபோகிறேன். இந்த அச்சைக் கழுவித் துடைத்து உங்கள் அடுப்படி ஆணியிலேயே மாட்டிவிடுவேன். நான் தோற்கலாம். தோற்றால் கேட்டைச் சாத்திவிட்டுச் சண்டை போட நீங்கள் இருக்க மாட்டீர்கள், அது ஒன்றை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. ஆனால் இட்லி வரும். கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்துதான் சாப்பிடுவேன். அழுகை வந்தாலும் வரட்டும், ரெண்டு நாளைக்கு அடுப்பை மட்டும் பத்தவைக்க மாட்டேன்க்கா.

ஜெசி